பீமனுக்குப் பத்துமா இந்தப் படுக்கை?

எங்கள் காலத்துத் தொடக்கப் பள்ளியில் கேள்வி எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். வாத்தியார் கேட்பார், நாங்கள் ஒரே குரலில் சொல்வோம். பதினாறாம் வாய்ப்பாடு ஓட்டுக்கூரையைத் தாண்டி, கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருக்கும் அம்மாக்களின் காதுவரை போகும். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அவர்களும் நிம்மதியாகக் குனிவார்கள். கோவை இலையைக் கசக்கிப் பலகை துடைத்த அந்தப் பச்சை வாசமும், கூட்டிக் கழித்து முடித்த புளியங்கொட்டையை வறுத்துத் தின்ற ருசியும் ஐம்பதைத் தாண்டிய யாருக்கும் மறந்திருக்காது. 'ஏன்' என்ற சொல்லுக்குத்தான் அந்த வகுப்பறையில் பாய் விரிக்க ஆளில்லை.

அந்த 'ஏன்' பள்ளி விட்டதும் எங்களோடு குன்றுக்கு வந்துவிடும். செஞ்சிப் பக்கத்துத் தொண்டூரில் குன்றுக்குப் பஞ்சமில்லை. சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள், பாறையிலேயே பார்சுவநாதர், 1,500 ஆண்டுகளுக்கும் மூத்த தமிழி எழுத்து, இன்னொரு பாறையில் பள்ளிகொண்ட பெருமாள் என்று ஊரே ஒரு திறந்த புத்தகம். தமிழ்நாட்டில் இப்படிப் படுக்கை வெட்டிய பல குன்றுகளைச் சனங்கள் பஞ்சபாண்டவர் பேரில் எழுதிவைத்துவிட்டார்கள். என் ஆயாவும் அந்தக் கட்சிதான்.

"வனவாசத்துல பாண்டவங்க படுத்த எடம்டா."

"பீமனுக்கு இது பத்துமா ஆயா?"

"பத்தலன்னா கால மடக்கிப் படுத்திருப்பான்."

ஆயா ஒருநாளும் வாயை மூடு என்று சொன்னதில்லை. ஏதோ ஒரு பதில் வரும், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பாறையில் கிடந்து யோசிப்பேன். எனக்குக் கிடைத்த முதல் தர்க்கப் பாடம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பிற்பாடு நானே வாத்தியாராகி, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் சாக்பீஸ் பிடித்துக் கொஞ்ச காலம் ஆன பிறகு, செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திரத்து ரிஷிவேலியில் பார்த்ததைக் கொண்டுவந்து, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆணையராக இருந்தபோது தொடங்கியது, 2007-08-இல் மாநிலமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவி எங்கள் வகுப்புக்கும் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. கற்றல் ஏணியில் தன் படி எது என்று பிள்ளையே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு குழுவுக்குப் போனது. தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததெல்லாம் தொங்கியது. வாய்ப்பாட்டுச் சத்தம் கேட்காத பெற்றோர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சார் பாடமே நடத்தறதில்லையா?" என்று கவலைப்பட்டார்கள். அவரவர் படியில் அவரவர் ஏறியதில், ஒருவன் சொன்னதை இன்னொருவன் மறுத்துப் பேசும் சந்தர்ப்பம் அட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் பிள்ளைகளிடம் பயம் போயிருந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பையும் வெளியே அனுப்பியது. பயம் போன இடத்தில்தான் கேள்வி முளைக்கும்.

அந்த நாட்களில் நாலாம் வகுப்பைக் குன்றுக்கு அழைத்துப் போனேன். "பாண்டவர் படுக்கை சார்" என்றான் ஒருவன். எப்படித் தெரியும் என்றேன். "எங்க ஆயா சொன்னாங்க." ஆயாவுக்கு யார் சொன்னது? யாரிடமும் பதிலில்லை. ஒரு சிறுமி கீழே ஓடிப்போய், மாடு கட்டும் கயிறு ஒன்றை வாங்கிவந்து, படுக்கையின் நீளத்துக்கு முடிச்சுப் போட்டாள். அதே கயிற்றை என் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பிடித்துப் பார்த்துவிட்டு, "சாருக்கே சரியா இருக்குது, அப்ப சாதாரண ஆளுங்கதான்" என்றாள். பையன் விடவில்லை: "பீமன் கால மடக்கிப் படுத்திருந்தா?" அவள் யோசித்துச் சொன்னாள்: "இவ்ளோ கஷ்டப்பட்டுக் கல்ல வெட்றவங்க, இன்னும் கொஞ்சம் நீட்டி வெட்டியிருக்க மாட்டாங்களா?" கேட்டதை நம்பாமல் அளந்தது, அளந்ததற்கு எதிர்வாதம் வந்தது, எதிர்வாதத்துக்குக் காரணத்தோடு பதில் வந்தது. சிந்திக்கக் கற்பிப்பது என்று பயிற்சி முகாம்களில் நாள் முழுக்க விளக்குவார்களே, அது கண்ணெதிரே நடந்தது.

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2021-இல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் என்று நல்ல முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையில் தொட்டுத் தூக்குகிறார்கள். பாட்டும் பொம்மலாட்டமும் வகுப்பில் களைகட்டுகின்றன. மலர்ந்ததா இல்லையா என்று செயலியில் ஏற்றவும் வேண்டியிருப்பதால், ஆசிரியரின் ஒரு கண் பிள்ளைமேலும் ஒரு கண் சிக்னல்மேலும் இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் பள்ளிச் சுற்றுலாக்களும் பெருகுமென்று நம்புகிறேன். ஆனால் கோட்டையின் ராஜகிரி மலையில் நிற்கும் பிள்ளை, இவ்வளவு உயரத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள், கைப்பேசி பதிலைப் படித்துக் காட்டிவிடுகிறது. பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; கைப்பேசி இல்லாவிட்டால் பிள்ளை நாலு விதமாக யோசித்துத் தப்பாய்ச் சொல்லிப் பார்த்திருக்கும், அந்தச் சுகம்தான் போய்விடுகிறது.

ஆசிரியர்களிடமும், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் என் வயதுக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை ஏதாவது சொன்னால், சரி, தப்பு என்று உடனே முடித்துவிடாமல், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அது கயிறு தேடி ஓடித் திரும்பி வரும்வரை, தயவுசெய்து பொறுத்திருங்கள்.