வள்ளியும் வல்லியும்: குன்றத்தூரை முன்வைத்து ஒரு நாவியல் ஆய்வு

வள்ளி என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தி வந்து நிற்பாள். வல்லி என்றால் வருபவள் வேறொருத்தி. இடையில் நடந்தது ஒரு சின்ன நாக்குப் புரளல்தான். தமிழாய்வுலகம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பதால் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

ஆய்வுக் களம் குன்றத்தூர். மலைமேல் முருகனோடு வள்ளி. கீழே ஊரகப் பெருமாளோடு திருவிருந்தவல்லித் தாயார். இதைவிட வசதியான ஊர் ஆய்வாளனுக்கு அமையாது. மலைக்கோயிலில் சந்நிதிக்கு நேரே நின்றால் முருகன் மட்டும் தெரிவார். ஒரு பக்கமாக நகர்ந்தால் வள்ளி, மறுபக்கம் போனால் தெய்வானை. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை ஆய்வாளன் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இது போதும். நான் வள்ளி பக்கம். ஊரின் மூத்த சான்றாகிய சேக்கிழாரால் பயனில்லை. அவர் பாடிய நாயன்மார் 63 பேரில் பெண்கள் மூவரே; மூவரில் வள்ளியும் இல்லை, வல்லியும் இல்லை.

ஒலியிலிருந்து தொடங்குவோம். நாக்கு அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்று பிரித்தவர் தொல்காப்பியர். அந்தக் கணக்கில் வள்ளிதான் மென்மையானவளாக இருக்க வேண்டும். மக்கள் மனத்திலோ நேர்மாறு. வள்ளி கையில் கவண் இருக்கிறது. பரண்மேல் நின்று ஆலோலம் பாடுகிறாள். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் நாரதரையே தர்க்கத்துக்கு இழுக்கிறாள். காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசி, கொசுறாகக் கறிவேப்பிலையும் வாங்காமல் அவள் வீடு திரும்புவதில்லை. வல்லிக்குப் பட்டும் அட்டிகையும் பூட்டி, ஊஞ்சலில் உட்காரவைத்து, அதிர்ந்து பேசாதவள் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம்.

இந்த முடிவு ஆபத்தானது. குமுதவல்லியைக் கேளுங்கள்! அவள் சத்தம் போடவில்லை. நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுது படைத்தால்தான் கல்யாணம் என்றாள், அவ்வளவுதான். மாப்பிள்ளை கஜானாவைக் காலி செய்து, கடைசியில் வழிப்பறிக்கே இறங்கினார். பிறகுதான் திருமங்கையாழ்வார் ஆனார். வள்ளியின் வாயாடித்தனத்தால் எந்த அரசாவது திவாலானதாகத் தெரியவில்லை. (தில்லையாடி வள்ளியம்மையை இந்த வேடிக்கையில் சேர்க்க மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்கச் சிறைக்குப் போய் வந்து 1914இல், 16 வயதில் இறந்த பெண் அவர்.)

வல்லியை நாம் தவறாக எடைபோடக் காரணம், அவள் வீட்டுக்குள் வருவதே இல்லை என்பதுதான். வள்ளியம்மையும் வள்ளிக்கண்ணுவும் வள்ளிநாயகியும் வீட்டில் வள்ளிதான். ஆனால் அமிர்தவல்லி அமிர்தமாகிறாள், மரகதவல்லி மரகதம், கனகவல்லி கனகா. வல்லி பெயரின் வாலில் உட்கார்ந்திருப்பதால், செல்லமாகக் கூப்பிடும்போது முதலில் வெட்டுப்படுவது அவள்தான். ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் முழுசாகத் தெரிவாள். ஆகவே வள்ளி என்பவள் குரல், வல்லி ஆவணம். அடுப்படியிலிருந்து மொட்டைமாடி வரை கூப்பிட்டுத் தேய்ந்த பெயருக்குக் கம்பீரம் எங்கிருந்து வரும்?

இத்தனையும் எழுதிய பிறகு ஒரு சிக்கல். ளகரத்தை லகரமாக்கிவிடும் நாக்குகள் சென்னைப் பக்கம் ஏராளம். ஆங்கிலத்தில் எழுதினாலோ இருவருக்கும் ஒரே ஐந்தெழுத்து. மேலும், திருவல்லிக்கேணியில் வேதவல்லித் தாயார் இருக்கிறாரே என்று அந்த ஊர்ப்பெயரையும் வல்லிக் கணக்கில் எழுதிவைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அல்லி. அல்லிக்குத் தனிக் கட்டுரை வேண்டும். அவள் கணக்கில் பாம்பு, மதுரை, அர்ச்சுனன் எல்லாம் வரும்.