நாலாவது தாளுக்கு மேல் வெளிச்சம் ஏறாது

எண்பதுகளில் நாங்கள் வரைபடங்களை அடுக்கியது கண்ணாடி மேசையின் மேல். கண்ணாடிக்கு அடியில் ட்யூப்லைட் எரியும். முதலில் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட். அதன்மேல் ஏரி, வாய்க்கால்களை மட்டும் படியெடுத்த டிரேசிங் பேப்பர், அதற்கு மேல் மண் வகை, பிறகு சரிவு. மூலைகளில் போட்ட கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார வேண்டும். நாலாவது தாளுக்கு மேல் வெளிச்சம் ஏறாது. அதனால் எந்தெந்தத் தாள் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். மழைநீர் எங்கே தேங்கும் என்பது கேள்வியானால் மண்ணும் சரிவும் வேண்டும், ஊராட்சி எல்லை வேண்டாம். மசிக்கோட்டைப் பிளேடால் சுரண்டித்தான் அழிக்க முடியும். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் யோசித்தே போட்டோம்.

இப்படித் தாள்களை அடுக்கிப் பார்க்கும் முறைக்கு உலகளவில் பேர் வாங்கித் தந்தவர் நிலவடிவமைப்பாளர் இயான் மக்ஹார்க். 1969-இல் வந்த ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில், சாலை போனால் எங்கே இழப்பு அதிகமோ அங்கே தாளைக் கருமையாக்கி, எல்லாத் தாள்களையும் அடுக்கிப் பார்த்தார். வெளுப்பாகத் தெரிந்த வழியே சாலைக்கு ஏற்ற வழி.

இன்று க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். 2011-இல் வந்த லீஃப்லெட் என்ற இணைய வரைபட நிரல்தொகுப்பை வைத்து, கைபேசியில் விரலால் நகர்த்தும் வரைபடத்தை ஒரே நாளில் செய்துவிடலாம். எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம், வெளிச்சம் தீராது. தாளுக்கு அலைந்த காலத்தில் தேர்ந்தெடுத்தோம், எல்லாம் கிடைக்கிற காலத்தில் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டோம். எனக்கு இது உண்மையான வருத்தம்.

வெள்ள வரைபடம் ஒன்றைத் திறக்கிறேன். அடுக்குப் பட்டியலில் எல்லாப் பெட்டியிலும் டிக். ஏரியும் நீலம், தெருவில் நின்ற தண்ணீரும் நீலம், வார்டு எல்லையும் நீலம். எது எப்போதும் நீர் நிற்கும் இடம், எது மூழ்கிய வீடு? இதைப் படிக்க வைக்க வழி உண்டு. அடிப்படம் வெளிறிய சாம்பலில் பின்னால் போகட்டும். வெள்ள ஆழத்துக்கு ஒரே நிறம், ஆழம் கூடக் கூட அடர்த்தி. ஏரிக்கு உள்ளே நிறம் வேண்டாம், கரைக்கோடு போதும். நிவாரண முகாமுக்குப் புள்ளிக்குறி. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், நம்மிடையே நிறையப் பேர். வரைபடவியலாளர் சிந்தியா புரூவரின் கலர்புரூவர் என்ற நிறத்தேர்வுக் கருவியில் அவர்களுக்கும் தெரியும் நிறவரிசைகள் குறிக்கப்பட்டே இருக்கின்றன.

தாளில் அளவு மாறாது. திரையில் மாறும், அதுதான் புதிய வரம். மாவட்டம் முழுதும் தெரியும்போது தாலுகாவின் நிறம் மட்டும் போதும். உள்ளே போகப் போகத் தெருவும் கிணறும் வரட்டும். குறி விளக்கத்தில் அந்த நேரம் திரையில் உள்ள அடுக்குகள் மட்டும் இருக்கட்டும். வார்டுக்கு நிறம் தீட்டுமுன், பாதித்த வீடுகளை மொத்த வீடுகளால் வகுத்துவிடுங்கள். இல்லையென்றால் பெரிய வார்டெல்லாம் ஆபத்தாகத் தெரியும், குறுகிய சந்தில் வீடு மூழ்கியவர்கள் மறைந்துபோவார்கள்.

வரைபடம் செய்யும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெளியிடுமுன், அந்தப் பகுதியில் குடியிருக்கும் ஒருவர் கையில், வெயிலில், சாதாரணக் கைபேசியில் அதைக் கொடுங்கள். “உங்க வீடு எங்கே? தண்ணி வருமா?” என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் ஓர் அடுக்கை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள்.