மூட்டை என்பது யாதெனில்

நேற்று ராத்திரி யாரோ 'மூட்டை'யை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். பச்சையாக இருந்த வரி காலையில் மஞ்சளாகிக் கிடக்கிறது. பக்கத்தில் "பரிசீலிக்கவும்" என்று ஒரு குறிப்பு. யார் பரிசீலிக்க வேண்டுமாம்? அதை மட்டும் எழுதவில்லை. எங்கள் அரிசிக் கம்பெனியின் சொற்பட்டியலில் எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம். மேற்பார்வை உண்டு, ஆனால் லேசாக. லேசான மேற்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பது.

செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு வரும் நெல் மூட்டை 75 கிலோ. அதே நெல் அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 40 கிலோ. அரைத்துப் பையில் போட்டால் 26. ஏன் 26 என்று கேட்காதீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.; ஒரு கிலோ கூடுதலாகப் போட்டால் வரி கிடையாது. கடைக்காரர் இன்றைக்கும் "இருபத்தஞ்சு கிலோ சிப்பம்" என்றுதான் கேட்கிறார். பட்டியலில் கொள்முதல் பையன் "மூட்டை: 75 கிலோ" என்று எழுதினான். "சாக்கோடவா, சாக்கு நீங்கலாவா?" என்று எடை போடுகிறவர் கேட்டார். அதற்கே ஒரு வாரம் போனது. கணக்குப் பிரிவு அதை அழித்துவிட்டு "ஓர் அலகு" என்றது. லாரி அனுப்புகிறவர் "லாரியில் ஏறுவது" என்று போட்டார். அப்படியானால் கிளீனரும் மூட்டைதான். சுமை தூக்குகிறவர்களோ, கூலிக்கு எல்லாமே மூட்டைதான், கிலோ பேச்சே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். கடைசியில் ஒரு புத்திசாலி "பார்க்க: சிப்பம்" என்று முடித்துவைத்தார். சிப்பத்தைப் போய்ப் பார்த்தேன். "பார்க்க: மூட்டை."

"ஆக்ஸ்போர்டு அகராதியே ஊர் ஜனங்க அனுப்பின சீட்டுல உருவானதுதான் சார்" என்கிறார் மேலாளர். உண்மைதான். 1879இல் அதன் ஆசிரியர் முர்ரே ஊரெல்லாம் கேட்டுச் சீட்டு வாங்கினார். 1915இல் அவர் கண்ணை மூடினார். அகராதி முடிந்தது 1928இல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் சாண்ட்லர் பாதிரியார் காலத்தில், 1913இல் தொடங்கி, வையாபுரிப் பிள்ளை காலத்தில், 1936இல்தான் முடிந்தது. ஆனால் அங்கே "இது வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். வையாபுரிப் பிள்ளை எங்களைப் போல வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

எங்கள் ஊர் வாகும் அப்படி. பீஜப்பூர்க்காரர்கள் செஞ்சியைப் பாதுஷாபாத் ஆக்கினார்கள். மொகலாயர்கள் ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டு, 1698இல் பிடித்து, நுஸ்ரத்கட் ஆக்கினார்கள். வெள்ளைக்காரன் ஜிஞ்சி என்றான். ஒருத்தனாவது முந்தின ஆளிடம் ஒப்புதல் வாங்கினானா? 2025இல் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து போனது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். கண்டக்டர் எதையும் சட்டை செய்யாமல் "செஞ்சி, செஞ்சி" என்று கூவுகிறார். அவரை எந்தப் பிரிவும் திருத்துவதில்லை.

இதையெல்லாம் ஒழுங்குபண்ண என்னிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் குழுவில் ஒரு செய்தி: 'உடனடி' என்ற சொல்லுக்கு விளக்கம் முடிவு செய்யக் கூட்டமாம். அடுத்த மாதம், தேதி பின்னர்.