ஆளுக்கு ஏற்ற ஆசனம்

எண்பதுகளில் மயிலாப்பூரில் ஒரு கல்லூரிப் பையன் யோகாசனம் கற்கப் போகிறான் என்றால் தெருவில் இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, "உடம்புக்கு என்ன?" இன்னொன்று, "சாமியாராகப் போறானா?" என் அத்தை பயந்துபோய், எனக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்துவிடும்படி அம்மாவிடம் சொன்னார். இன்று அந்த அத்தையின் பேத்தி யோகா பயிற்சியாளர், குடும்பத்துக்கே அதில் பெருமை. ஜூன் 21ஐ சர்வதேச யோகா தினமாக 2014இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அன்று மறைவாகச் செய்ததை இன்று ஊரே மைதானத்தில் கூடிச் செய்கிறது. மதிப்பு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மதிப்பில்லாத அந்தக் காலத்தில் கிடைத்த கவனிப்பு, மதிப்பு வந்த பிறகு ஏன் குறைந்தது என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

எனக்குக் கற்றுத்தந்த வாத்தியார் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் பயின்றவர். 1888இல் சித்ரதுர்கா பகுதியில் பிறந்த கிருஷ்ணமாச்சாரியார், 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். 1950களில் சென்னைக்கு வந்தவர், நூறு வயதைத் தொட்டு 1989இல் இங்கேயே மறைந்தார். உலகம் இன்று செய்யும் யோகாசனத்தில் பெரும்பகுதி அவருடைய மாணவர்கள் வழியாகப் பரவியது. மைசூரில் பட்டாபி ஜோயிஸ், புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார், வெளிநாடுகளில் இந்திரா தேவி, சென்னையில் மகன் தேசிகாச்சார். நால்வரும் ஒரே குருவிடம் கற்றவர்கள். நால்வர் கற்பித்ததும் வேறு வேறு. காரணம் எளிது. ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, தேவையைப் பார்த்துக் கற்பித்தவர் அவர்.

என் வாத்தியாரும் முதல் நாள் ஆசனம் எதையும் காட்டவில்லை. நாடி பிடித்துப் பார்த்தார். தூக்கம், பசி, மலச்சிக்கல், முதுகுவலி என ஒவ்வொன்றாக விசாரித்தார். கைகளை உயர்த்தி இறக்கச் சொல்லி என் மூச்சையே கவனித்தார். பிறகு ஒரு தாளில் குச்சி மனிதர்களை வரைந்தார். எந்த அசைவில் மூச்சை இழுப்பது, எதில் விடுவது, எத்தனை முறை செய்வது என்று ஓரத்தில் குறித்தார். அந்தத் தாள் எனக்கு மட்டுமானது. அடுத்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் வேறு பயிற்சி. வீட்டில் ஜமக்காளத்தை விரித்துத் தனியாகச் செய்துவிட்டு, சில வாரங்கள் கழித்துப் போனால் தாளை மாற்றித் தருவார்.

அவருடைய பாடத்தில் மூச்சு முன்னே போகும், உடம்பு பின்னே வரும். கை உயரும்போது மூச்சு உள்ளே, குனியும்போது வெளியே. தொண்டையை லேசாகக் குறுக்கி, மெல்லிய ஓசையோடு விடும் உஜ்ஜாயி மூச்சு நடுங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவார். "மூச்சு சிரமப்படறது பார், கையை இறக்கு" என்பார். எந்த ஆசனத்துக்கும் முன்னால் அதற்குத் தயார்செய்யும் எளிய அசைவுகள் உண்டு. பின்னால் அதன் இறுக்கத்தைத் தளர்த்தும் பிரதிக்கிரியை உண்டு. சிரசாசனத்துக்குப் பின் சர்வாங்காசனம், முதுகை வளைத்த பிறகு மெதுவாக முன் குனிவது. கடைசியில் ஓய்வு, அதன்பின் பிராணாயாமம். படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும் இந்த ஒழுங்குதான் வின்யாச கிரமம்.

பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. இயமமும் நியமமும் முன்னால் நிற்கின்றன. இயமங்களில் முதலாவது அகிம்சை. அது தன் உடம்புக்கும் பொருந்தும் என்று வாத்தியார் சொல்வார். இருநூறுக்குச் சற்றே குறைவான யோக சூத்திரங்களில் ஆசனத்தை நேரடியாகப் பேசுபவை மூன்றே. அவை கேட்பது உறுதியும் சுகமும் சேர்ந்த இருக்கையை. இன்ன கோணத்தில் வளை என்று எங்கும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரோடு நகரத்தின் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். சுவரெங்கும் கண்ணாடி, இசை, வரிசையாக யோகா மேட்கள். சேரும்போது கேட்டது பெயர், கைபேசி எண், எந்த பேட்ச் என்பவை மட்டும். என் உறவினருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டியவர் அவர். அதை யாரும் விசாரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மூச்சை அடக்கி, முகம் சிவக்க நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சூப்பர், ஹோல்ட்!" என்று குரல் வந்தது. அன்று நடந்த தொடர் மைசூர் யோகசாலையில் வளரும் பையன்களுக்குக் கற்றுத்தந்த வேகமான முறையின் வழி வந்தது. அதைச் செய்துகொண்டிருந்தவர்களோ நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போன நடுவயதினர்.

இன்றைய காலத்தில் நல்லதும் நிறைய உண்டு. பெண்கள் தயங்காமல் வருகிறார்கள். முதியவர்கள் பூங்காவில் கூடிச் செய்கிறார்கள். மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். பொறுமையாக, ஒவ்வொருவராகக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் இன்றும் சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் ஒரே பாடத்தை ஐம்பது பேருக்கு ஊற்றுவது யோகம் ஆகாது. அது கூட்டு உடற்பயிற்சி. அந்தப் பெயரிலேயே நடந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வகுப்பில் சேர நினைப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியரைக் கவனியுங்கள். உங்கள் வயது, வேலை, நோய், தூக்கம் பற்றி அவர் கேட்கிறாரா? உங்கள் மூச்சைப் பார்க்கிறாரா? வலிக்கிறது என்றால் நிறுத்தச் சொல்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் சேருங்கள். இடம் ஓட்டு வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் சரி, குளிர்சாதன ஸ்டூடியோவாக இருந்தாலும் சரி. இல்லையென்றால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.