ஐந்து ஊரும் ஒரு தூளியும்

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் தர்மபுரி வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் லேப்டாப்பைத் திறந்தான். "மாமா, சிங்க்வே தெர்ரே கேள்விப்பட்டிருக்கீங்களா?"

புதுசாக வந்த பூச்சிமருந்து என்று நினைத்தேன். இல்லையாம். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து ஊர்களாம். மொந்தெரோசோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமாஜோரே. 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, 1999-இல் தேசியப் பூங்கா ஆனது. ஐந்தையும் கோக்கும் கடலோரத் தடம் சுமார் 12 கிலோமீட்டர். பெயருக்கே 'ஐந்து நிலங்கள்' என்றுதான் பொருளாம். தொல்காப்பியர் கடல் தாண்டிப் போய்விட்டார் போலிருக்கிறது.

"நாலு நாள் பிளான் மாமா. நடக்கறதுக்கு மட்டும்தான்."

"நடக்கறதுக்கா விமானம் ஏறிப் போறே?"

"ஊருக்கு ஊர் நடந்து போனாத்தான் அதோட ஜீவன் தெரியும். ரோடு வந்தா அந்த ஊரே செத்துப்போயிடும்."

கையில் இருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை, இந்தத் தத்துவத்தைக் கேட்க நீ ரோம் வரை போக வேண்டாம். பென்னாகரம் பஸ் ஏறினால் போதும். வட்டுவனஹள்ளி ஊராட்சியில் கோட்டூர் மலை, ஏரிமலை, அலக்கட்டு என்று மூன்று ஊர் இருக்கிறது. ஐந்துக்கு இரண்டு குறைகிறதே என்று கவலைப்படாதே. சித்தேரி மலைப்பக்கம் விசாரித்தால் மீதியைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஜீவன் கெட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வோர் ஆட்சியும் ரோடு போடாமல் பொத்திப் பொத்திக் காத்த ஊர்கள் இவை.

அவனுடைய எக்ஸெல் தாளை வாங்கி, கட்டம் கட்டமாக நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தேன்.

முதல் கட்டம், கஷ்டம். கொர்னீலியா ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக 382 படி. அவன் அதைச் சிவப்பில் குறித்து வைத்திருக்கிறான். முட்டி வலித்தால்? சின்ன பஸ் இருக்கிறதாம். மொத்தமாகவே அலுத்துவிட்டால்? ஐந்து ஊரிலும் ரயில் நிற்கிறது. 1870-களிலேயே மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஆக, அங்கே நடை விருப்பப் பாடம். கோட்டூர் மலையில் அது கட்டாயப் பாடம். ரேஷன் அரிசிக்கும் நடை, பிரசவத்துக்கும் நடை, மனு கொடுக்கவும் நடை.

இரண்டாம் கட்டம், காலணி. மெல்லிய செருப்போடு மலைத்தடத்தில் ஏறினால் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று அந்தப் பூங்கா 2019-இல் அறிவித்ததாம். அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் மூன்று ஊரும் ஒரே நாளில் ஜப்திக்கு வந்துவிடும். ரப்பர் செருப்பு போட்டவனுக்கு 2,500 என்றால் செருப்பே இல்லாதவனுக்கு எவ்வளவு?

மூன்றாம் கட்டம், சுமை. இதில் இத்தாலி நம்மிடம் பிச்சை வாங்க வேண்டும். நம் மலைக்குக் கழுதை இருக்கிறது. 2019, 2021, 2024 என்று தேர்தலுக்குத் தேர்தல் நீயே டிவியில் பார்த்திருப்பாய். முதுகில் சாக்கை மடித்துப் போட்டு, ஒரு பக்கம் சாயாமல் எடை பார்த்து, வாக்கு இயந்திரப் பெட்டிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். முன்னால் கழுதை, பின்னால் துப்பாக்கி ஏந்திய போலீஸ், அவர்களுக்குப் பின்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தேர்தல் அலுவலர்கள். ஒரு குடிமகன்கூட வாக்கை இழக்கக் கூடாதாம். பத்திரிகைகளில் படத்தோடு வரும். ஜனநாயகம் மலையேறியது என்று நாமும் மெய்சிலிர்ப்போம். 'மலையேறிவிட்டது' என்றால் தமிழில் வேறு பொருளும் உண்டு என்பதைச் சிலிர்ப்பில் மறந்துவிடுவோம்.

வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரம் சீல் வைக்கப்பட்டு, பாதுகாப்போடு, கீறல் படாமல் கீழே வந்து சேரும். மலையிலிருந்து பத்திரமாக இறங்க வேண்டுமென்றால் இயந்திரமாகப் பிறந்திருக்க வேண்டும்.

நான்காம் கட்டம், பாதை மூடல். ரியோமாஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவே 'காதல் பாதை' ஒன்று உண்டாம். ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. 2012-இல் பாறை சரிந்து நான்கு சுற்றுலாப் பயணிகள் காயப்பட்டதும் மூடிவிட்டார்கள். இரண்டு கோடி யூரோவுக்கு மேல் கொட்டி, மலைக்கு இரும்புவலை போர்த்தி, 2024-இல்தான் திறந்தார்கள். "பன்னெண்டு வருஷமா மாமா! என்ன நிர்வாகம்!" என்று மருமகன் கொதிக்கிறான். நாலு பேருக்குக் காயம் என்றதும் பதறிப்போய் மூடியவர்கள் மேல் கோபம். நம் நிர்வாகத்தை அப்படியெல்லாம் குறை சொல்ல முடியாது. போடாத பாதையை எவனாலும் மூட முடியாது.

ஐந்தாம் கட்டம், காப்பீடு. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்காமல் இத்தாலி விசா கிடைக்காது. வழியில் விழுந்தால் தூக்கிவரும் செலவும், செத்தால் உடலை வீடு சேர்க்கும் செலவும் அதில் அடக்கம். மனிதனை மதிக்கும் நாடு. நாலு நாள் விருந்தாளி பாறையில் வழுக்கினால் யார் தூக்குவது என்பதை அவன் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்கிறது.

2024 ஆகஸ்டில் அலக்கட்டு மலையில் ஒரு சிறுமியைப் பாம்பு கடித்தது. கம்பில் துணியைக் கட்டினார்கள். அதுதான் தூளி. முன்னால் ஒரு தோள், பின்னால் ஒரு தோள், தோள் மாற்ற கூடவே சிலர். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் குரல் கொடுக்க வேண்டும். ஓடினால் தூளி ஆடும், ஓடாவிட்டால் விஷம் ஓடும். எட்டு கிலோமீட்டர் அப்படித்தான் இறக்கினார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

ரோடு வந்தால் ஊர் செத்துவிடும் என்றாயே மாப்பிள்ளை.

அடுத்த அக்டோபரில், இரண்டே மாதத்தில், தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 தடம். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி. பழங்குடி இளைஞர்கள் சிலருக்கு அதில் வேலையும் கிடைத்தது. அதை நான் குறை சொல்லவில்லை. நடக்க ஆசைப்படுகிறவனுக்குத் தடம் போட இந்த அரசுக்குத் தெரியும் என்பது தெரிந்துவிட்டதே, அதைத்தான் சொல்கிறேன். அலக்கட்டுத் தடம் எந்தத் தரத்தில் வரும்? எளிது, நடுத்தரம், கடினம் மூன்றையும் தாண்டி, 'விதி' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.

கேட்டால் எப்போதும் ஒரே பதில், "வனத்துறை அனுமதி வரலீங்க." 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2)-ஆம் பிரிவை எடுத்துப் படி. கிராம சபை தீர்மானம் போட்டால், ரோடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மூன்று மீட்டர் அகலத்தில் வகுத்துப் பார், மூன்று கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதைப் போட்டு முடிக்காமல் கோப்பு மேசைக்கு மேசை மலையேற்றம் போகிறது. அந்தக் கோப்புக்குத்தான் அசல் மலையேற்ற வீரர் பட்டம் கொடுக்க வேண்டும்.

மலையடிவாரத்துக்கு வழி தெரியாத அரசு என்றும் சொல்ல முடியாது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சித்தேரி மலையடியில் இருக்கும் வாச்சாத்திக்கு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் கைகோத்துப் போயின. 18 பெண்களைச் சீரழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே செத்துப்போனார்கள். மீதி 215 பேரையும் 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, 2023-இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அன்றைக்கு மூன்று துறைக்கும் நடுவே ஒருங்கிணைப்பில் ஒரு குறையும் இல்லை. தடையில்லாச் சான்று எவரும் கேட்கவில்லை. ஓட்டு வாங்கப் போகவும், உதைக்கப் போகவும் இந்த அரசுக்குக் கால் இருக்கிறது. ஒரு பிள்ளையைத் தூக்கிவர மட்டும் முட்டி வலி.

இந்த மண்ணுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. தகடூர் அதியமான், ஏறுவதற்கு அரிய மலையின் பிளவில் விளைந்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஓர் உயிர் நீளட்டும் என்று மலையிலிருந்து ஒரு பழத்தைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்தவன் ஆண்ட ஊர் இது. மேடைக்கு மேடை அந்தப் பழத்தைத்தான் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன், சால்வைகூட வாங்கியிருக்கிறேன். அலக்கட்டுச் செய்தி வந்த அன்று காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது டீ குடித்தவனும் நான்தான்.

மருமகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: "அங்க ஹோம்ஸ்டே ஏதாவது இருக்கா மாமா?"

இத்தாலிக்கே போய் வரட்டும் என்று விட்டுவிட்டேன். தாளின் கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது: 'கொண்டு போக வேண்டியவை'. அதில் நம் தடத்துக்கானதை நானே எழுதிக் கொடுத்தேன். பழைய நூல் சேலை ஒன்று. நைலான் வேண்டாம், முடிச்சு வழுக்கும். தோள் உயரத்துக்கு மேல் நீளமான கம்பு ஒன்று. டார்ச் இரண்டு, ஒன்று அணைந்தாலும் இன்னொன்று வேண்டும். தோள் மாற்ற நாலு பேர்.

வாக்காளர் அட்டை. அதை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.