வகை: இதர

பெறுநர்: உயர்திரு தலைமை மருத்துவர் அவர்கள், அரசு கால்நடை மருத்துவமனை, எங்கள் ஊர்.
பொருள்: எடையே இல்லாத உயிரினத்துக்கும் சிகிச்சை அளித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் மருத்துவமனையின் நேற்றைய சீட்டு.

ஐயா,

வணக்கம். மேற்படிச் சீட்டில் ‘வகை’ என்ற கட்டத்தில் மாடு, எருமை, ஆடு, கோழி, நாய் அனைத்தையும் அடித்துவிட்டு, ‘இதர’ என்று தங்கள் உதவியாளர் எழுதித் தந்திருக்கிறார். அதுவரை அந்த முயல்குட்டிக்கு எங்கள் வீட்டில் பஞ்சு என்று பெயர். அரசு ஆவணத்தில் ஏறிவிட்ட பிறகு வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது முறையல்ல. ஆகவே இதர.

கிடாய் நிறுக்கிற தராசில் இதரவை ஏற்றினார்கள். முள் அசையவில்லை. ‘எடை: 0’ என்று பதிவாயிற்று. ஆட்டோடு நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. “கறிக்கா சார்? இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், அப்ப அறுங்க” என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். என் மகள் இதரவைத் துண்டில் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றாள்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று அங்கே இதரக்களுக்கு முறையான இனப்பெயரே உண்டு. முயல் வளர்ப்புக் கையேடுகளும் கூண்டின் அளவு, அடர்தீவனம், பசுந்தீவனம் என்று எல்லாம் சொல்கின்றன. ஏறக்குறைய 12 வாரம், 2 கிலோ, விற்பனைக்குத் தயார். அத்தோடு புத்தகம் முடிந்துவிடும். நம் இதரவோ இன்னும் எட்டுப் பத்து வருஷம் உயிரோடு இருக்கிற உத்தேசத்தில் இருக்கிறது. அந்த மிச்ச ஆயுளை யார் படித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடித்தான் தங்களிடம் வந்தோம். கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகத்தை 1989இலேயே தொடங்கிய மாநிலமல்லவா!

முந்தின நாள் இரவிலிருந்து இதர எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றேன். தாங்கள் தலை நிமிராமல், “பால்ல பிரெட்ட நனைச்சுக் குடுங்க. கேரட் குடுங்க, முயல்னா கேரட்தானே” என்றீர்கள். இது பல்கலைக்கழகப் பாடம் இல்லை, கார்ட்டூன் சேனல் நடத்துகிற பாடம். கேரட்டில் இருப்பது சர்க்கரை. பால்குடி மறந்துகொண்டிருக்கும் குட்டியின் குடலுக்குப் பசும்பாலும் பிரெட்டும் சர்க்கரையும் கழிச்சலுக்கு அழைப்பிதழ். அதற்கு வேண்டியது புல், காய்ந்த புல், திரும்பவும் புல். நிற்காமல் வளர்கிற பற்கள் தேய்வதற்கும் அதுதான், குடல் நகர்வதற்கும் அதுதான். ஆறு மாதம் வரைக்கும் குதிரைமசாலும் சேர்க்கலாம். வளர்கிற உடம்புக்கு அதன் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உதவும், பிறகு குறைத்துவிட வேண்டும். தங்கள் வளாகத்திலேயே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘தீவனப்பயிர் செயல்விளக்கத் திடல்’ என்ற பலகைக்குக் கீழே குதிரைமசால் செழித்துக் கிடக்கிறது. நாங்களோ பொன்னி அரிசியைவிடப் பல மடங்கு விலை கொடுத்து, கப்பலேறி வந்த திமோத்திப் புல்லைக் கூரியரில் வரவழைக்கிறோம்.

எடை 0 என்றால் மருந்தின் அளவும் 0ஆக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். தாங்கள் எழுதியது குழந்தைகளுக்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் சிரப், வேளைக்கு 5 மில்லி.

ஐயா, முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். வாய்வழியே போகிற அந்த மருந்து, புல்லைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் நஞ்சு கக்கும் கிருமிகள் பெருகும், குட்டி கழிந்து கழிந்து சாகும். முயலுக்கு வாயில் பென்சிலின் வகை கொடுக்கக்கூடாது என்பது முயல் மருத்துவத்தின் அரிச்சுவடி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ‘இதரவுக்கு எனக்கு மருத்துவம் தெரியாது, வேறெங்காவது போ’ என்று விரட்டியிருந்தால்கூடக் கும்பிட்டிருப்பேன். ஒரு குழந்தையின் கையில் இதரவைக் கொல்லக்கூடிய பாட்டிலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, “அடுத்தது” என்று மணியடித்தீர்களே!

மன்னிக்க வேண்டும். இது பாராட்டுக் கடிதம்.

இதர நலம். பக்கத்து மாவட்டத்து மருத்துவர் ஒருவர் அதன் வயிற்றை விரலால் நீவிப் பார்த்தார். வலிக்கும் குடல் அசைவுக்கும் மருந்து கொடுத்தார். பொடித்த புல்லைத் தண்ணீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார். கடைக்காரர் ‘ரெண்டு மாசக் குட்டி’ என்று சத்தியம் செய்து விற்றது, இன்னும் தாயோடு இருக்கவேண்டிய குட்டி என்பதையும் பார்த்தவுடன் சொன்னார். அவருடைய சீட்டில் ‘முயல், 420 கிராம்’ என்று இருக்கிறது. பாவம், ‘இதர’ என்ற வகை அவருக்குத் தெரியவில்லை.

நள்ளிரவில் முதல் புழுக்கை விழுந்தது. வீடே எழுந்து கைதட்டியது. விடிகாலையில் மெத்தென்ற புழுக்கையைப் பின்பக்கத்திலிருந்து நேராக வாயில் வாங்கித் தின்றது. முயலுக்கு அதுவும் ஒரு வேளைச் சாப்பாடுதான். தங்கள் உதவியாளர் பார்த்திருந்தால் வெறிநாய் ஊசி போட்டிருப்பார்.

தங்கள் மேலான கருணையிடம் சின்ன வேண்டுகோள்தான். சமையலறைத் தராசு ஒன்றை மருத்துவமனைக்கு அன்பளிப்பாகத் தரச் சித்தமாக இருக்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்தமுறை சீட்டு அச்சடிக்கும்போது இதரவுக்கென்று ஒரு கட்டம் விடுங்கள், மூன்றே எழுத்துதான். மேஜை மேலிருக்கும் நுண்ணோக்கியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இந்தச் சித்திரை வெயிலிலும் உதிராமல் இருப்பதைக் கண்டு வணங்கினேன். முயல்குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிற ரத்தக்கழிச்சல் நோயின் முட்டைகளை அந்தக் கருவியில்தான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். ஒருமுறை உறையைக் கழற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
இதரவின் காப்பாளர்

இணைப்பு: புழுக்கை – 1 பொட்டலம்.