சொட்டுச் சொட்டாத் தூக்கம் விக்கறாங்களாம்

ஏங்கண்ணு, தூக்கம் இப்ப 10 மில்லி என்ன வெலை போகுது? பெங்களூர்ல இருந்து நீ கொண்டாந்த பையில துணிமணியைக் காட்டிலும் பாட்டில்தான் எச்சா இருக்குது. பாட்டில்னதும் நான் வேற மாதிரி நெனச்சு, உன்ற அப்பத்தாளுக்குத் தெரியாம ஒண்ணைத் தொறந்து மோந்து பார்த்தேன். மல்லி! போச்சாது போ. கூடவே வெள்ளையா ஒரு சொம்பு. கரண்டுல சொருகுனா மண்டையில இருந்து பொகை விடுது. "பொகை இல்லீங் அப்பாரு, டிஃப்யூசருங்"கறே. சரி சாமி, அப்படியே இருக்கட்டும்.

சத்தியமங்கலத்துக்காரன் பேரனுக்கு மல்லி வாசம் பாட்டில்ல அடைச்சு பார்சல்ல வருதுன்னா அது பெரிய சங்கதிதான். நாங்க வெடியறதுக்கு முன்னால நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள எறங்கி, மொட்டு விரியறதுக்குள்ள கிள்ளி எடுக்கறோம். முகூர்த்த நாள்ல பூ மார்க்கெட்டுல கிலோ ஆயிரம், ரெண்டாயிரம்னு ஏலம் போகும். வரத்து எச்சாகி வாங்கறதுக்கு ஆளில்லாத நாள்ல சென்ட் பேக்டரிக்காரன்தான் கதி. அவன் சொன்னதுதான் வெலை.

அங்க பூவை என்ன பண்றாங்கன்னு தெரியுமா? மல்லி மென்மையான பூ. ஆவியில வாட்டுனா வாசம் கெட்டுப்போகும். அதனால ஹெக்சேன்கற கரைப்பான்ல ஊற வெச்சு வாசத்தை எறக்கறாங்க. கரைப்பானை ஓட்டிவிட்டா மெழுகு தங்கும். அந்த மெழுகை ஆல்கஹால்ல கழுவிப் பிரிச்சா அசல் வாசம். அதுதான் கடல் தாண்டி பிரான்சு வரைக்கும் போய் சீமான் சீமாட்டி கழுத்துல ஏறுது. பறிச்சவ கழுத்துல ஏறுனது வெயில் ஒண்ணுதான்.

இப்ப ஒரு கணக்குப் போடு. நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே. 100 கிலோ பூவுல கால் கிலோ மெழுகு தேறுனாலே பெரிசு. அதுல பாதி அசல்னு வெச்சுக்க, 125 கிராம். பூ வெலை தரையில கெடக்கற நாளாவே பார்த்து கிலோ 100 ரூபாய்னு போடு. 100 கிலோவுக்கு 10,000 ரூபாய். அப்படின்னா 10 கிராம் வாசத்துக்குப் பூக்காசு மட்டும் 800 ரூபாய் ஆச்சு. பேக்டரிக் கரண்டு, ஆள் கூலி, பாட்டில், மூடி, பாட்டில் மேல கண்ணை மூடிச் சிரிக்கற புள்ளை படம், இதெல்லாம் தனி. நீ வாங்குனது "நூறு சதவீதம் சுத்தமான மல்லி எண்ணெய்", 199 ரூபாய், கூட ஒரு ரோஜா எண்ணெய் இனாம்! ரோஜா இன்னும் மோசம். ஒரு கிலோ எண்ணெய் எடுக்க 3,000 கிலோவுக்கு மேல இதழ் வேணும். அதை இனாமாக் குடுக்கறவன் கர்ணனுக்கு அண்ணனா இருக்கணும். இல்லீன்னா அது லேப்ல கலக்குன சென்ட்டா இருக்கணும். சென்ட்டும் மணக்கும், தப்பில்ல. அசல் வெலை குடுத்துப்போட்டு அதை வாங்காம இருந்தாச் சரி. லேபிள்ல செடியோட லத்தீன் பேரு, வெளைஞ்ச ஊரு, எடுத்த வெதம் மூணும் இருக்குதான்னு பாரு. வெறும் பூப் படம் மட்டும் இருந்தா, நம்ம வேலியிலயே நெறையப் பூ இருக்குது, போய்ப் பார்த்துக்க.

அடுத்தது அந்த லாவெண்டர் பாட்டில். இது நம்ம பக்கத்துச் சரக்கு இல்ல, குளுந்த மலைச் சரக்கு. ஜம்முவுல தோடா ஜில்லா பதர்வாப் பக்கம் மக்காச்சோளம் போட்டவங்க இப்ப அதை உட்டுட்டு லாவெண்டர் நடறாங்களாம். சிஎஸ்ஐஆர்னு கவர்மெண்டு ஆராய்ச்சி அமைப்பு ஒண்ணு 2016ல ஆரம்பிச்ச அரோமா மிஷன்ல நாத்துக் குடுத்துப் பழக்குனாங்கன்னு பார்மசி படிக்கற உன்ற தங்கச்சி சொல்றா. அவ இன்னொண்ணும் சொன்னா. இந்த வாச வைத்தியத்துக்கு அரோமாதெரபின்னு பேரு வெச்சவரு ரெனே மோரிஸ் கத்தஃபோசேன்னு ஒரு பிரெஞ்சுக் கெமிஸ்ட்டாம். 1910ல லேப்ல வெடிச்சுக் கையி வெந்துபோச்சு. புண்ணுக்கு லாவெண்டர் போட்டுப் பார்த்தவரு, 1937ல புஸ்தகமே போட்டுட்டாரு. நல்லாக் கவனி கண்ணு. அவரு போட்டது வெந்த கைக்கு. நீ போடறது வேகற மனசுக்கு.

அப்ப இதெல்லாம் டூப்புங்களான்னு கேக்காத. அப்படியும் தள்ளிப்போட முடியாது. கண்ணுல பார்க்கறது, காதுல கேக்கறதெல்லாம் மூளைக்குள்ள தலாமஸ்னு ஒரு எடத்துல நின்னு, கமிஷன் மண்டி வழியாப் போற பூ மாதிரி, பொறவுதான் உள்ள போகுமாம். வாசம் மட்டும் புரோக்கரே இல்லாம, பயமும் ஞாபகமும் குடியிருக்கற எடத்துக்கு நேரா போயிருதாம். அதுனாலதான் சாம்பிராணி மணத்தா எனக்கு என்ற அம்மா நெனப்பு வருது, உனக்கு ஆஸ்பத்திரி டெட்டால் மணத்தா ஊசி நெனப்பு வருது. தெனமும் ஒரே நேரத்துல ஒரே வாசத்தை மோந்துட்டுப் படுத்தா, நாள் போகப் போக வாசம் வந்ததும் ஒடம்பு படுக்கைக்குத் தயாராயிரும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

லாவெண்டர் மோந்தவங்க கொஞ்சம் நல்லாத் தூங்குனதாச் சொல்ற ஆராய்ச்சியும் இருக்குதாம், எல்லாஞ் சின்னச் சின்னதா. ஆனா அதுல ஒரு வேடிக்கை பாரு. மாத்திரைன்னா பாதிப் பேருக்கு வெறும் மாவு உருண்டையைக் குடுத்து, யாருக்கு நெசமாவே கேட்குதுன்னு சோதிக்கலாம். வாசத்துல என்னத்தை ஒளிக்கறது? மூக்குத்தான் காட்டிக் குடுத்துருதே! லாவெண்டர்னு தெரிஞ்சவன் "நல்லாத் தூங்குனேன்"னுதான் சொல்லுவான், காசு குடுத்தவன் இன்னும் ஒரு மடங்கு சேர்த்துச் சொல்லுவான். அதனால என்ற தீர்ப்பு இதுதான்: வாசம் நேரம் ஆச்சுன்னு சொல்லும், தூங்கற வேலை உன்றது.

அந்த வேலையை நீ எப்படிப் பார்க்கறேன்னு நேத்து ராத்திரி திண்ணையில படுத்துக்கிட்டே சன்னல் வழியாப் பார்த்தேன். சொம்புல தண்ணி ஊத்துனே. மருந்துக்கடைக்காரன் கெட்டான், அத்தனை பக்குவமாச் சொட்டு எண்ணி விட்டே. வெளக்கை அணைச்சே. மல்லாக்கப் படுத்தே. பேஷ்னு நெனச்சேன். அப்பறம் தலகாணிக்கு அடியில இருந்து போனை எடுத்தே பாரு! சொம்பு அந்தப் பக்கம் பொகை விடுது, நீ இந்தப் பக்கம் வெளிச்சத்தைக் கண்ணுல விட்டுக்கறே. மேனேஜர் என்னமோ அனுப்பியிருப்பான் போல, புருவம் ரெண்டும் முட்டிக்குச்சு. அப்பறம் எவனோ ஒருத்தன் "சீக்கிரம் தூங்குவது எப்படி"ன்னு போன்ல பேசறான், அதை நட்ட நடு ராத்திரியில முழிச்சிருந்து கேக்கறே. இதுக்கு நடுவுல பொழுதோட 6 மணிக்கு அப்பத்தாகிட்டக் கெஞ்சி வாங்கிக் குடிச்ச காப்பி வேற. கஃபீன் பாதியாக் கொறையறதுக்கே 5, 6 மணி நேரம் ஆகுமாம். 11 மணிக்குப் படுத்தா பாதிக் காப்பி உள்ள உக்காந்துக்கிட்டு உன்னோட பழமை பேசும். பாவம் அந்த லாவெண்டர், அது என்னதான் பண்ணும்?

சரி, வாங்குனது வாங்கிப்போட்டே, தூக்கி எறியச் சொல்லுல. ஒழுங்கா வெச்சுப் பொழைக்கற வழியைக் கேளு.

சொம்புல மூணு நாலு சொட்டுப் போதும். படுக்கறதுக்கு முன்னால அரை மணி நேரம் ஓடட்டும், அப்பறம் நிறுத்திப்போடு. சித்த நேரத்துல மூக்குக்கு வாசம் பழகிரும், மோக்கறதுக்கு ஆளில்லாம ராத்திரி பூராப் பொகை விட்டு ஆருக்கு என்ன லாபம்? சன்னலைக் கொஞ்சம் தொறந்து வை. மேலுக்குப் பூசணும்னா வெறும் எண்ணெயைத் தொடாத, தோல் எரிஞ்சு பொத்துரும். தேங்காண்ணெயோ நல்லெண்ணெயோ ரெண்டு டீஸ்பூன், அதுல நாலு சொட்டு. அதையும் மொதல்ல முழங்கை மடிப்புல தடவி ஒரு நாள் பொறுத்துப் பாரு. குளிக்கற பக்கெட்டுல நேரா விடாத. எண்ணெய் தண்ணியில கரையாது, மேலாக்க மெதந்துக்கிட்டிருந்து முங்குனவன் மேல அப்பிக்கும். மூடி தொறந்து காத்துப் பட்டுப் பழசான லாவெண்டர், அரிப்புக் கொண்டாற சரக்காவே மாறிப் போயிருக்கும். வாங்குன காசை நெனச்சு அழுதுக்கிட்டு வருசக்கணக்குல பூட்டி வெக்காத.

இன்ஸ்டாகிராம்ல ஒரு அம்மிணி, நாக்குக்கு அடியில ஒரு சொட்டு விடுங்கறாளாமா? அந்தப் பக்கமே போகாத. ஜெர்மனியில லாவெண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் அளந்து மாத்திரையா விக்கறாங்க, அது மருந்துக் கணக்கு. பாட்டிலைச் சாய்ச்சு வாயில விடறது கள்ளுக்கடைக் கணக்கு. மேல நீலகிரியில காய்ச்சற தைலம் இருக்குதே, சளிக்கு நெஞ்சுல தேய்ச்சே நாம வளர்ந்தோம். அதுலயே ஒரு டீஸ்பூன் கொழந்தை வாய்க்குள்ள போனா வலிப்பு வர்ற அளவுக்குக் கொண்டு போய் விட்டுரும். அப்படி ஆச்சுன்னா வாந்தி எடுக்க வெக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உங்கக்கா கைக்கொழந்தையோட வர்றா, சொம்பையும் பாட்டிலையும் பரண் மேல ஏத்து. நம்ம பூனைக்கும் ஆகாது, அதுக்கு இந்த எண்ணெயைச் செரிச்சு வெளிய தள்ளற தெம்பு ஈரல்ல இல்லியாம். உங்க சின்னப்பனுக்கு வீசிங் இருக்குது, அவன் படுக்கற ரூம்ல மோளம் அடிச்சாலும் அடி, பொகை விடாத.

காசு செலவில்லாத வழியும் ஒண்ணு இருக்குது, ஆனா அதுல லேபிள் இருக்காது, உனக்குப் புடிக்குமோ என்னமோ. பொழுதோட பறிச்ச மல்லி மொட்டு ஒரு கையளவு வட்டல்ல போட்டுத் தலைமாட்டுல வை. அது ராத்திரிதான் விரியும், விரிய விரிய வாசம் விடும். கரண்டு போனாலும் நிக்காது. மல்லி ஆகாதவங்களுக்கு, கடலூர்க் கரைப் பக்கம் மணல்ல வெளையற வெட்டிவேரை ஒரு துணியில முடிஞ்சு வெச்சாப் போதும்.

வெளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்றேன். வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசமாத் தூக்கம் கெட்டுப்போச்சுன்னா, இல்லாட்டி கொறட்டை விட்டு நடுவுல மூச்சு அடைக்குதுன்னா, அதுக்குப் பேரு சீக்கு. பாட்டிலைத் தேடாம டாக்டரைப் பாரு. அமெரிக்காவுல டாக்டருமாருங்க சங்கம் ஒண்ணு 2016லயே, தூக்கங்கெட்டவனுக்கு மாத்திரைக்கு முன்னால மனசையும் படுக்கற பழக்கத்தையும் மாத்தற வைத்தியந்தான்னு சொல்லிருச்சு. அதுல மொத விதி என்ன தெரியுமா? ராத்திரி எப்பத் தூங்குனாலும் வெடிய ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும். அதை அமெரிக்காக்காரன் சொன்னா வைத்தியம், அப்பாரு சொன்னாத் தொந்தரவு!

இத்தனையும் கேட்டுப்போட்டு, "சரிங் அப்பாரு, எந்த பிராண்டு வாங்கட்டுங்"கன்னு கேட்டீன்னா, என்றகிட்டயும் ஒரு பிராண்டு இருக்குது. ராத்திரி 9 மணிக்கு உன்ற போனை என்ற கையில குடுத்துட்டுப் போய்ப் படு. வெடிய காத்தால பூப் பறிக்க வரும்போது திருப்பித் தர்றேன். மொத மாசம் இனாம். பழகிட்டா வெலை சொல்றேன்.